சுழலும்போது என் இடக்கை எங்கே இருந்தது?

கடந்த பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை பாலே வகுப்பு முடிந்ததும், உடன் பயிலும் தோழி ஒருவர் தம் கைப்பேசியில் எடுத்திருந்த என் பிரூயெட்டை, அதாவது ஒற்றைக் காலில் எழுந்து சுழலும் சுற்றை, மெதுவான வேகத்தில் ஓட்டிக் காட்டினார். வலப்பக்கமாக ஒரே ஒரு முழுச் சுற்று. அதை இரண்டாக்கிவிட வேண்டும் என்று ஏறத்தாழ ஓராண்டாக முயன்றுகொண்டிருந்தேன். கால் சரியாகத்தான் எழுந்தது, முழங்கால் பக்கவாட்டில் நன்றாகத் திறந்திருந்தது, தலையும் ஓரளவு நேரத்துக்குத் திரும்பியது. ஆனால் உடல் கால்வாசிச் சுற்றைக் கடந்த பிறகும் என் இடக்கை மட்டும், பேருந்தைத் தவறவிட்டவர் பின்னாலேயே ஓடிவருவதைப் போல, பக்கத்தில் நீண்டபடி உடலைத் துரத்திக்கொண்டு வந்தது. அது வந்து சேர்ந்த கணத்தில் மார்புக்கு முன்னால் வலக்கையில் இடித்து, இடத்தோளைக் காதுவரை தூக்கி, நான் நின்றிருந்த அச்சையே சாய்த்துவிட்டது. ஓராண்டாகக் கணுக்காலையும் வயிற்றுத் தசையையும் குறை சொல்லிக்கொண்டிருந்த எனக்கு அந்தக் காட்சி சற்று வெட்கமாகவே இருந்தது.

நான் லண்டனில் பெரியவர்களுக்கென நடக்கும் இடைநிலை பாலே வகுப்பில் பயில்பவள். தொடங்கியபோது எனக்கு 36 வயது. சிறுவயதில் திருச்சியில் எட்டு ஆண்டுகள் பரதநாட்டியம் கற்றிருந்ததால், உடலில் ஏற்கெனவே குடியேறியிருந்த பழக்கங்களில் சில பாலேவுக்கு உதவின. சில இன்றுவரை வாடகை தராமல் தங்கியிருக்கின்றன. ருக்மிணி தேவி அருண்டேல், ரஷ்ய பாலே நடனமணி அன்னா பாவ்லோவாவின் குழுவில் ஆடிய கிளியோ நோர்தியிடம் பாலே கற்றுவிட்டு அதன்பின் பரதத்துக்கு வந்தார். அவர் வந்த பாதையிலேயே எதிர்த்திசையில், அவருக்கிருந்த திறமையில் ஒரு துளியும் இல்லாமல், நான் நடந்துகொண்டிருக்கிறேன் என்று எங்கள் வீட்டில் கேலி செய்வதுண்டு.

எங்கள் வகுப்பு ஒன்றரை மணி நேரம். அதில் ஏறத்தாழப் பாதி பார் கம்பியைப் பிடித்தபடி நடக்கும்; எஞ்சியது சென்டர், அதாவது எதையும் பிடிக்காமல் அறையின் நடுவே நின்று செய்யும் பயிற்சி. இந்தப் பிரிவினையில் நான் வெகுகாலம் கவனிக்காத ஒன்று இருக்கிறது. கம்பியோரம் நிற்கும்போது ஒரு கை எப்போதும் கம்பியின் மீது இருப்பதால், இரு கைகளும் ஒரே நேரத்தில் வெவ்வேறு வேலையைச் செய்ய வேண்டிய கட்டாயம் அங்கே எழுவதே இல்லை. கால்களுக்கு முக்கால் மணி நேரம் நுணுக்கமான பாடம் நடக்கிறது. கைகளோ ஒவ்வொன்றாக முறை வைத்து ஓய்வெடுத்துக்கொள்கின்றன. பிறகு நடுத்தளத்துக்கு வந்து நிற்கும்போது, நன்கு பழகிய கால்களோடு ஒருபோதும் சேர்ந்து உழைத்திராத இரண்டு கைகளை இணைத்துச் சுழல வேண்டியிருக்கிறது. இடைநிலை மாணவர்கள் பலருக்குக் கம்பியோரம் அழகாக வருவது நடுத்தளத்தில் சிதறிப்போவதற்கு, சமநிலைக் குறைவைக் காட்டிலும் இதுதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

முன்பு நான் சென்றுவந்த வேறொரு வகுப்பில், இரண்டாம் சுற்று வரவில்லை என்று சொன்ன ஒவ்வொரு முறையும் கிடைத்த பதில், இன்னும் பலமாகச் சுழலுங்கள் என்பதுதான். நானும் பணிவோடு கைகளை வீசினேன். சுழலப்போகும் திசைக்கு எதிராகக் கையைப் பின்னே இழுத்து, விசையேற்றிக்கொண்டு, பின்பு முன்னே எறிவேன். கிடைத்தது வேகம், போனது நிலை. முதல் சுற்று மின்னல்போல் முடியும், ஆனால் இடுப்பு ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமுமாக முறுக்கிக்கொண்டிருப்பதால், இரண்டாவது சுற்று தொடங்கும் இடத்தில் நான் பக்கத்து மாணவியின் இடத்துக்குள் போய் நிற்பேன்.

இப்போதைய ஆசிரியை விளக்கிய பிறகு எனக்குப் பம்பரம் நினைவுக்கு வந்தது. சாட்டை பம்பரத்தை விட்டு நீங்கும்வரைதான் அதற்கு விசை கிடைக்கிறது. தரையில் இறங்கிய பின்பு யாரும் அதற்குப் புதிதாக எதையும் கொடுக்க முடியாது. பிரூயெட்டும் அப்படித்தான். இரு பாதங்களும் தரையில் இருக்கும் நேரத்தில், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் தரையைத் தள்ளுவதால்தான் சுழற்சி பிறக்கிறது. பின்கால் தரையை விட்டுக் கிளம்பிவிட்டால், முன்பாதத்தின் நுனியில் உள்ள சிறு உராய்வைத் தவிர நமக்குப் பிடிமானம் கிடையாது. அந்த உராய்வும் வேகத்தைக் குறைக்க மட்டுமே செய்யும். ஆகவே காற்றில் கையை வீசி இரண்டாம் சுற்றை வரவழைக்க முயல்வது, சுழலும் பம்பரத்தை ஊதி வேகப்படுத்த முயல்வதற்குச் சமம்.

அப்படியானால் கைகளுக்கு என்ன வேலை? சுழல் நாற்காலி இருக்கும் அலுவலகத்தில் யாரும் பார்க்காத வேளையில் இதைச் செய்து பார்க்கலாம். கைகளை இருபுறமும் நீட்டி அமர்ந்து, காலால் தரையை ஒரு முறை தள்ளிவிட்டுக் காலைத் தூக்கிக்கொள்ளுங்கள். நாற்காலி மெதுவாகச் சுற்றும். அப்போது கைகளை மார்போடு சேர்த்தால், யாரும் தள்ளாமலேயே வேகம் கூடும். எடை அச்சிலிருந்து தள்ளி இருக்கும்போது ஏற்ற விசை, எடை அச்சுக்கு அருகே வரும்போது வேகமாக மாறுகிறது. தொடக்கத்தில் கை விரிந்திருந்தால்தான் சேமிப்பதற்கு இடம் இருக்கும். பின்பு அது உரிய நேரத்தில் உள்ளே வந்தால்தான் சேமித்தது செலவுக்குக் கிடைக்கும்.

கால்களின் நான்காம் நிலையிலிருந்து வலப்பக்கமாக, ஆன் தெயோராக, அதாவது தாங்கும் காலிலிருந்து வெளிநோக்கிச் சுழல்வதை எடுத்துக்கொள்வோம். இடக்கால் முன்னே, வலக்கால் பின்னே; வலக்கை வளைந்து உடலுக்கு முன்னால், இடக்கை பக்கத்தில். பிளியேயின், அதாவது முழங்கால் மடக்கத்தின், கடைசித் துளியில், கால்கள் தரையைத் தள்ளத் தொடங்கும்போதே, வலக்கை சுழலும் திசையில் சற்றே திறக்கிறது. இந்தத் திறப்பு மிகச் சிறியது. நான் பழகியபோது ஒரு சாண் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். அது திறந்த உடனே, ஏறத்தாழ அதே மூச்சில், இடக்கை பக்கத்திலிருந்து உள்ளே வர, வலக்கையும் திரும்பி வந்து, இரண்டும் மார்புக்கூட்டின் அடியளவில் சந்திக்கின்றன. அந்தச் சந்திப்பும், வலப்பாதம் முழங்காலருகே பாசே நிலைக்கு வந்து சேர்வதும், தாங்கும் குதிகால் முழு உயரத்துக்கு எழுவதும் ஒரே எண்ணிக்கையில் நடக்க வேண்டும். மூன்று பேர் மூன்று தெருவிலிருந்து புறப்பட்டு ஒரே நொடியில் கோயில் வாசலில் கூடுவதைப் போன்றது இது. ஒருவர் முந்தினாலும் பிந்தினாலும் பூசை கெடும்.

இடக்கை முந்தி உள்ளே வந்துவிட்டால், கால் தரையைத் தள்ளும்போது உடல் ஏற்கெனவே ஒடுங்கியிருக்கும், விசை ஏறாது, சுற்று முக்காலிலேயே நின்றுவிடும். பிந்தினால், காணொளியில் நான் கண்டதுதான் நடக்கும்: இடத்தோள் பின்தங்கி, மார்பு திறந்து, உடல் இடுப்பளவில் இரண்டாகப் பிரிந்து சுழலும். கைகள் நடுக்கோட்டைத் தாண்டி ஒன்றன்மீது ஒன்று ஏறினால், தாண்டிய கையின் பக்கத்துத் தோள் முன்னே வந்து, எதிர்ப்பக்க இடுப்பு பின்னே போகும். இந்த மூன்றில் எது நம்முடையது என்று தெரியாமல் வெறுமனே "கையைச் சரிசெய்" என்று சொல்லிக்கொண்டால் பயனில்லை. என்னுடையது இரண்டாவது, இடப்பக்கம் சுழலும்போது மட்டும் மூன்றாவது.

ஆசிரியை முதலில் செய்தது, என் கைகளை முழுமையாகப் பறிமுதல் செய்ததுதான். விரல் நுனிகளைத் தோள்களின் மீது வைத்து, முழங்கைகளைப் பக்கவாட்டில் நீட்டி, அப்படியே ஒற்றைச் சுற்று சுழலச் சொன்னார். என்னால் முடிந்தது, அதுவும் வீசிச் சுழன்றதைவிடச் சுத்தமாக முடிந்தது. ஒரு சுற்றுக்குக் கைவீச்சு தேவையே இல்லை என்பதை அந்த ஒரு நிமிடம் எனக்குக் கற்றுக்கொடுத்தது. தோளில் விரல் இருக்கும்போது முழங்கை பிந்த வழியில்லை. தோளும் இடுப்பும் ஒரே பெட்டியாகத் திரும்பியாக வேண்டும். நான்கு வாரம் இப்படியே சுழன்ற பிறகுதான் கைகளை எனக்குத் திருப்பிக் கொடுத்தார்.

திருப்பிக் கிடைத்த கைகளை வைத்துக்கொள்ளும் முறையையும் நான் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. பரதத்தில் கைகளை விரித்து நிற்கும் தொடக்க நிலையான நாட்டியாரம்பத்துக்கு முழங்கைகளைத் தோளின் உயரத்திலேயே உறுதியாக நிறுத்துவோம். முழங்கை இறங்கினால் டீச்சர் தாளம் தட்டும் கழியின் ஓசை மாறிவிடும். பாலேயில் கைகளைப் பக்கங்களில் திறக்கும் இரண்டாம் நிலையோ தோளிலிருந்து முழங்கை, மணிக்கட்டு, விரல் எனச் சிறிது சிறிதாகத் தாழ்ந்துகொண்டு போகும் ஒரு சரிவு. அதுவும் நேர்பக்கத்தில் இல்லாமல், தலையைத் திருப்பாமலேயே கடைக்கண்ணில் விரல்கள் தெரியும் அளவுக்கு முன்னே இருக்கும். என் கை தோளுக்கு நேராக, சில வேளை தோளுக்கும் பின்னாலேயே நின்றது. புறப்படும் இடமே பின்தங்கியிருந்தால் வந்து சேர்வதும் பிந்தத்தானே செய்யும்? கையை ஓர் உள்ளங்கை அகலம் முன்னே கொண்டுவந்ததில் மட்டுமே என் தாமதத்தில் பாதி குறைந்தது.

முன்னால் வளைந்து நிற்கும் நிலைக்கு நான் கண்டுபிடித்த உவமை பித்தளைக் குடம். தண்ணீர் நிறைந்த பெரிய குடத்தை உடலோடு ஒட்டவிடாமல் இரு கைகளாலும் அணைத்துத் தூக்கினால், முழங்கை தொங்காது, மணிக்கட்டு மடங்காது, தோளும் மேலே ஏறாது. சுமை முழுவதும் முதுகுக்கு, தோள்பட்டை எலும்பின் அடிப்பக்கத்துக்குப் போய்ச் சேரும். சுழலும்போது கைகளைத் தாங்க வேண்டியது அந்த இடம்தான். வீட்டில் பாயில் மல்லாந்து படுத்து, தோள்பட்டை எலும்புகள் இரண்டும் தரையைத் தொட்டபடி இருக்க, கைகளைத் தாழ்நிலையிலிருந்து முன்னே, மேலே, பக்கத்தில் என்று மெதுவாகக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவது இதற்கு நல்ல பயிற்சி. எலும்பு தரையை விட்டு எழும் இடத்தில்தான் நாம் கையை முதுகால் தாங்காமல் தோளால் தூக்குகிறோம் என்று தெரிந்துவிடும்.

இங்கே ஒரு குழப்பத்தையும் சொல்லிவிட வேண்டும். கை நிலைகளின் எண்கள் எல்லாப் பள்ளிகளிலும் ஒன்றல்ல. ரஷ்யாவில் அக்ரிப்பினா வாகனோவா வகுத்த முறையில், கீழே இருப்பது ஆயத்த நிலை, முன்னே வருவது முதல் நிலை, பக்கம் இரண்டாவது, தலைக்கு மேலே மூன்றாவது. இத்தாலியரான என்ரிக்கோ செக்கெத்தியின் முறையில் இதே கைகள் முன்னேயும் மேலேயும் வரும்போது ஐந்தாம் நிலையின் வகைகளாகின்றன. 1920இல் லண்டனில் தொடங்கிய ராயல் அகாடமி ஆஃப் டான்ஸ் வழியில் தலைக்கு மேலே இருப்பது ஐந்தாம் நிலை. அறையின் மூலைகளுக்கும் சுவர்களுக்கும் எண்ணிடுவதிலும் வாகனோவா முறைக்கும் செக்கெத்தி முறைக்கும் இதே வேறுபாடு உண்டு. ஒரே வாரத்தில் இரண்டு ஆசிரியர்களிடம் வகுப்புக்குச் செல்லும் பெரியவர்கள், மூன்றாம் நிலை என்றதும் ஒரு கையை மேலேயும் ஒரு கையை எங்கேயோவும் வைத்துக்கொண்டு திகைப்பதை நான் பார்த்திருக்கிறேன், திகைத்தும் இருக்கிறேன். எண்ணை மறந்துவிட்டு ஆசிரியரின் கையைப் பார்ப்பதே நல்லது.

கை தாமதித்ததற்கு வேறொரு மூலமும் இருந்தது. அது காலில் இருந்தது. சிறுவயதில் எங்கள் டீச்சர் ஓயாமல் சொன்னது, "உட்காரு, இன்னும் உட்காரு" என்பதுதான். முழங்கால்களைப் பக்கவாட்டில் மடக்கித் தாழ்ந்து நிற்கும் அரைமண்டி என்பது இருக்கை, அதில் அமர்ந்தபடியே அடவு முழுவதையும் செய்ய வேண்டும், எழுவது குற்றம். பிளியேயும் பார்வைக்கு ஏறத்தாழ அரைமண்டியைப் போலவே இருப்பதால், என் உடல் அதையும் ஓர் இருக்கை என்றே எடுத்துக்கொண்டது. சுழலுவதற்கு முன் பிளியேயில் போய் வசதியாக அமர்ந்து, ஒரு கணம் இளைப்பாறி, பின்பு எழுவேன். அந்த ஒரு கணத்தில் காலில் ஏறியிருந்த துள்ளல் வடிந்துவிடும். எழுவதற்குப் புதிதாக முயல வேண்டியிருக்கும். அந்த முயற்சியில் கையை வீசத் தோன்றும். பிளியே என்பது ஊஞ்சல் தாழ்ந்து மீண்டும் ஏறும் அடிப்புள்ளி. அங்கே யாரும் இறங்கி நிற்பதில்லை. ஏழாவது எண்ணில் நான்காம் நிலையை அடைந்தால், எட்டில் மடங்கி, ஒன்றில் மேலே இருக்க வேண்டும். மடக்கமும் எழுச்சியும் ஒரே வளைவாக ஓட வேண்டும். இதைப் பழகிய பிறகு கையை வீசும் ஆசை தானாகவே பாதி அடங்கிவிட்டது.

அந்த நான்காம் நிலையிலும் பள்ளிக்குப் பள்ளி வழக்கம் மாறும். எங்கள் ஆசிரியையின் வழியில் இரு முழங்கால்களும் மடங்கும். நடன அமைப்பாளர் ஜார்ஜ் பாலன்சின் நியூயார்க்கில் வளர்த்த பாணியில் பின்கால் நேராக நீண்டிருக்கும். அதனால் எடை முழுவதும் முன்காலின் மீதே இருக்கும், சுழலப் போகிறார் என்பதைப் பார்ப்பவர் முன்கூட்டியே உணரவும் மாட்டார். நான் அதைச் செய்து பார்த்தபோது, என் எடை எவ்வளவு பின்னால் தங்கியிருந்தது என்பது அதிர்ச்சி தரும் அளவுக்குத் தெளிவாயிற்று. இப்போது இரு முழங்கால்களையும் மடக்கியே சுழல்கிறேன். ஆனால் எழுவதற்கு முன் மூக்கும் தொப்புளும் முன்பாதத்துக்கு நேராக வந்துவிட்டனவா என்று மனத்துக்குள் ஒரு முறை பார்த்துக்கொள்கிறேன்.

பிறகு வந்தது கால்வாசிச் சுற்று. இது சலிப்பூட்டும் பயிற்சி. ஆனால் இதைவிடப் பயன் தந்தது வேறெதுவும் இல்லை. முதலில் சுழலாமலேயே நான்காம் நிலையிலிருந்து ரெலவேயில், அதாவது குதிகாலை உயர்த்தி, பாசேக்கு எழுந்து, கைகள் முன்னே கூடியபடி நான்கு எண்ணிக்கை நிற்பது. அடுத்து, அதே எழுச்சியில் பக்கச் சுவரை நோக்கிக் கால்வாசிச் சுற்று. அதன்பின் அரைச் சுற்று, முழுச் சுற்று. ஒவ்வொன்றிலும் விதி ஒன்றுதான்: சுவரைச் சென்றடைந்த பின்பும் பாசேயில் நின்று காட்ட வேண்டும். நிற்க முடியாத அரைச் சுற்றை வைத்துக்கொண்டு முழுச் சுற்றுக்குப் போகக்கூடாது. கால்வாசிச் சுற்றில் கை பிந்தினால் மறைக்க இடமே இல்லை. உடல் நின்றுவிட்டிருக்கும், இடக்கை அப்போதுதான் வந்துகொண்டிருக்கும். கண்ணாடியில் அதைப் பார்த்து நானே சிரித்திருக்கிறேன்.

கண்களைப் பற்றிச் சொல்லும்போது மறுபடியும் திருச்சிக்குப் போக வேண்டியிருக்கிறது. கை போகும் வழியில் கண் போக வேண்டும் என்பது பரதம் பயின்ற எவருக்கும் எலும்பில் ஊறிய பாடம். பாலேயில் கைகளின் இயக்கமான போர் த ப்ராவில் இது அப்படியே பொருந்தும். கை மேலே எழும்போதும் பக்கத்தில் திறக்கும்போதும் பார்வை அதைத் தொடர்ந்து செல்வதால், சென்டரின் முதல் பயிற்சியில் ஆசிரியை என்னைப் பாராட்டுவதுண்டு. பிரூயெட்டில் இதே பாடம் பகையாகிவிடுகிறது. அங்கே கை முதலில் புறப்பட வேண்டும். கண் எல்லாவற்றுக்கும் கடைசியாகப் புறப்பட்டு, எல்லாவற்றுக்கும் முதலாக வந்து சேர வேண்டும். முன்னே ஒரு புள்ளியைப் பற்றிக்கொண்டு, கழுத்து அனுமதிக்கும் கடைசிக் கணம்வரை அதை விடாமல் இருந்து, பின்பு தலையைச் சட்டென்று திருப்பி அதே புள்ளியை மீண்டும் பிடிப்பதற்கு ஸ்பாட்டிங் என்று பெயர். வலக்கை திறந்தபோதெல்லாம் என் கண் ஒரு நூலிழை அதன் பின்னால் போய்விடும். தலை முன்கூட்டியே கிளம்பிவிடும். திரும்பி வரும்போது பிடிக்க வேண்டிய புள்ளி எங்கே என்று தேட வேண்டியிருக்கும். ஒரு வகுப்பில் ஆசிரியை எங்கள் அனைவரையும் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நிற்கச் செய்து, பின்சுவரில் இருந்த மின்விளக்குப் பொத்தானைப் பார்த்துச் சுழலச் சொன்னார். கண்ணாடியில் தன் கையையே பார்க்கும் வாய்ப்பு இல்லாதபோது என் தலை ஒழுங்காக நடந்துகொண்டது.

தலைசுற்றலைப் பற்றியும் பலர் கேட்பதுண்டு. உள்காதின் அரைவட்டக் குழல்களில் உள்ள திரவம், உடல் நின்ற பின்பும் சிறிது நேரம் ஓடிக்கொண்டிருப்பதால்தான் அறை சுற்றுவதைப் போலத் தோன்றுகிறது. 2013இல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள், 29 பாலே நடனப் பெண்களையும் 20 துடுப்புப் படகுப் பெண்களையும் இருட்டறையில் சுழல் நாற்காலியில் அமர்த்திச் சோதித்து, நடனப் பெண்களுக்குச் சுற்றும் உணர்வு விரைவில் அடங்குவதையும், அவர்களுடைய சிறுமூளையில் அந்தச் செய்தியைப் பெறும் பகுதி சிறிதாக இருப்பதையும் வெளியிட்டார்கள். பல ஆண்டுப் பயிற்சியில் மூளையே மாறுகிறது என்றால், வாரம் இருமுறை சுழலும் நான் பொறுமையாக இருப்பதுதான் முறை. நடைமுறையில் எனக்கு உதவியது, ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் நின்று, புள்ளியைப் பார்த்தபடி ஒரு மூச்சை முழுமையாக வெளியே விடுவது.

தனியே நன்றாக வந்த சுற்று, இசையோடு தொடராக வரும்போது மறுபடியும் கலைந்தது. எங்கள் வகுப்பில் பெரும்பாலும் வால்ட்ஸ் தாளத்தில் வரும் தொடர் இது: இருபுறமும் அசைந்தாடும் பாலன்சே, மூன்று சிற்றடிகளாலான ஒரு பா த புரே, நான்காம் நிலை, பிரூயெட், மீண்டும் நான்காம் நிலை. பாலன்சேயில் கைகள் அலைபோல் பக்கத்திலிருந்து பக்கத்துக்குப் பாய்கின்றன; அந்தப் பாய்ச்சலின் மிச்சத்தோடு நான் நான்காம் நிலைக்கு வந்ததால், கைகள் சுழலுவதற்கான ஆயத்தத்தை அடையாமலேயே சுழலத் தொடங்கின. இதற்கு மருந்து பா த புரேயின் மூன்று அடிகளில் இருந்தது. முதல் அடியில் கை தாழ வேண்டும், இரண்டாவதில் உடலுக்கு முன்னே கடந்து வர வேண்டும், மூன்றாவது அடியில் கால் நான்காம் நிலையைத் தொடும்போது ஒரு கை முன்னேயும் ஒரு கை பக்கத்திலும் அமர்ந்திருக்க வேண்டும். கால்களை நிறுத்தி, நின்ற இடத்திலேயே கைகளுக்கான பகுதியை மட்டும் இசையோடு நான்கு முறை செய்தபோதுதான், அந்த மூன்று அடிகளுக்கான கை எனக்கு உண்மையில் தெரியாது என்பது எனக்கே விளங்கிற்று. காலின் தொடரை மனப்பாடம் செய்துவிட்டுக் கை எப்படியோ வந்துவிடும் என்று நம்பியிருந்திருக்கிறேன்.

முடிவைப் பற்றியும் ஒரு சொல். கையைச் சேர்த்தால் வேகம் கூடுகிறது என்றால், விரித்தால் குறைய வேண்டும். இதை நான் ஏட்டில் அறிந்திருந்தும் காலில் அறியாமல், பாதம் தரையில் இறங்கிய பிறகே கைகளைத் திறந்துகொண்டிருந்தேன்; அதனால் இறங்கும் பாதம் மீதி வேகம் முழுவதையும் தாங்கித் தடுமாறியது. கண் புள்ளியைப் பிடித்த கணத்தில், பாதம் இறங்குவதற்குச் சற்று முன்பே, கைகள் திறக்கத் தொடங்கினால் சுற்று தானே தணிந்து மென்மையாக இறங்குகிறது. 1895இல் பீட்டர்ஸ்பர்க் மரின்ஸ்கி அரங்கின் ஸ்வான் லேக் பாலேயில் இத்தாலிய நடனமணி பியெரினா லெக்னானி தொடர்ந்து 32 ஃபுவெத்தே, அதாவது தூக்கிய காலை வீசி வீசிச் சுழலும் சுற்றுகள், ஆடியதைக் கால்வலிமையின் சாதனை என்றே நினைத்திருந்தேன். இப்போது அந்த வரிசையை எவர் ஆடக் கண்டாலும், ஒவ்வொரு சுற்றிலும் தவறாமல் திறந்து மூடும் கைகளைத்தான் என் கண் எண்ணுகிறது.

உள்நோக்கிய சுற்றான ஆன் தெதான் எனக்கு எளிதாகவே வந்தது. தாங்கும் காலின் பக்கமே சுழல்வதால் பின்தங்கும் பக்கம் இயல்பாகவே உள்ளே வந்துவிடுகிறது. அங்கே ஆபத்து, பக்கத்துக் கை வேகமாக வந்து நடுக்கோட்டைத் தாண்டுவதுதான். மூலையிலிருந்து மூலைக்குச் செல்லும் ஷெனே, பிக்கே சுற்றுகளைப் பற்றி எழுதும் தகுதி எனக்கு இன்னும் வரவில்லை. நான்காவது சுற்றுக்குப் பிறகு நான் செல்லும் மூலையை அறையின் வடிவமே முடிவு செய்கிறது.

வீட்டுப் பயிற்சிக்குச் சமையலறைத் தரையைப் பயன்படுத்துகிறேன். ஓடு பதித்த தரையில் காலுறையோடு முழுச் சுற்று சுழல்வது ஆபத்து. வழுக்கும் தரை இல்லாத திறமையை இருப்பதாகக் காட்டும். ஆகவே அங்கே எழுச்சியும் கால்வாசிச் சுற்றும் மட்டுமே, மென்காலணி அணிந்து, பக்கத்துக்குப் பத்து. குழம்பு கொதிக்கும் நேரம் அதற்குச் சரியாக இருக்கிறது. அப்போது எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்வேன். ஒன்று என்னும் சொல் வாயிலிருந்து வரும்போது இடக்கை வந்து சேர்ந்ததா என்பதை மட்டும் கவனிப்பேன். வேறு திருத்தம் எதையும் அந்தப் பத்தில் அனுமதிப்பதில்லை. ஒரே நேரத்தில் ஐந்து திருத்தங்களை மனத்தில் வைத்துச் சுழன்ற நாட்களில் ஒன்றுகூட நடந்ததில்லை.

ஜூன் மாதத்தின் நடுவே ஒரு செவ்வாய்க்கிழமை, அதே வால்ட்ஸ் தொடரில், வலப்பக்கம் இரண்டு சுற்றுகள் வந்தன. வேகமாகச் சுழன்ற உணர்வே இல்லை. மின்விளக்குப் பொத்தானை இரண்டாவது முறை பார்த்தபோதுதான் நடந்தது தெரிந்தது. தோழியின் கையில் அன்று கைப்பேசி இல்லை. ஆசிரியை தலையை அசைத்துவிட்டு, மறுபக்கம் என்றார். இடப்பக்கம் சுழன்றேன்; வலக்கை நடுக்கோட்டைத் தாண்டி வந்து, என்னை ஒன்றேகால் சுற்றில் பியானோவை நோக்கி நிறுத்தியது. வரும் வாரத்திலிருந்து இடப்பக்கத்துக்கு விரல்கள் மீண்டும் தோளின் மீது.